கேஸை ஜெயித்தவர்

"இவர்தானுங்கண்ணா என் ஹீரோ."

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரும் பஸ்ஸில், சட்டம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் விரிசல் விட்ட போனை நீட்டினாள். வின்சென்ட் புக்லியோசி. சீடர் கூட்டம் வைத்திருந்த சார்லஸ் மேன்சனைக் கொலை வழக்கில் உள்ளே தள்ளிய அமெரிக்க அரசு வக்கீல்.

நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள்.

1969 ஆகஸ்டில் நடிகை ஷரோன் டேட் வீட்டில் ஐந்து பேரை அவன் சீடர்கள் கொன்றபோது மேன்சன் அங்கே இல்லவே இல்லை. அப்புறம் எப்படி அவனைக் கொலைகாரன் என்று நிரூபிப்பது? "கறுப்பர்-வெள்ளையர் இனப்போரைக் கிளப்பத்தான் சீடர்களை ஏவினான்" என்று கோத்தார் புக்லியோசி. ஜூரி ஏற்றது. 1971-ல் மரண தண்டனை. (அடுத்த வருஷமே கலிபோர்னியாவில் மரண தண்டனை ரத்தாகி, அது ஆயுளாயிற்று.)

அதே வழக்கைப் புத்தகமாக்கிச் சக்கைப்போடு போட்டதும் அவரேதான். இனப்போர் நிஜக் காரணமா, ஜோடித்ததா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். வாக்குமூலம் பத்திரிகைக்குக் கசிந்த விவகாரத்தில் அவர் மேலேயே பொய்ச்சாட்சி வழக்கு பாய்ந்தது, நிற்கவில்லை.

புத்தகக் காசு எனக்கு உறுத்தவில்லை. கோர்ட்டில் ஒரு தரப்பாக நின்றவர் சொன்னதையே உலகம் வரலாறாகப் படித்ததுதான் உறுத்துகிறது.

"தோத்த பக்கத்துக் கதைய யாருங்ண்ணா படிப்பாங்க?" என்கிறாள்.

ஆனாலும் அந்தக் கோர்வை இல்லாவிட்டால் மேன்சன் தப்பியிருக்கலாம். 2017-ல் சாகும்வரை கைதியாகவே இருந்தான். புக்லியோசி அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.