மருமகன் கடைக்கு வந்த பிறகு

மார்ச் 5, 2025, புதன்

விபூதிப் புதன். அக்காவின் மகன் நெற்றிச் சாம்பலோடு என் ஃப்ரிட்ஜ் திருத்தும் கடை வாசலில் வந்து நின்றான். பத்தொன்பது வயது. "மாமா, இங்க வேல இருக்கா?" ரிமாண்டில் இருந்தபோது அங்கே வந்துபோன ஃபாதரோடு பழக்கமாம், அவர்தான் அனுப்பியிருக்கிறார். சரி, நாளைக்கு வா என்றேன்.

கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இவன் இருந்த மாதிரிக் கோஷ்டிகளில் எடுத்தவுடன் யாரும் பொடியன் கையில் துவக்கைக் கொடுப்பதில்லை. முதலில் ஒரு போன், ஒரு சோடி சப்பாத்து. சந்தியில் நில், பொலிஸ் ஜீப் வந்தால் சொல். அப்புறம் பார்சல். கட்டளை டுபாயிலிருந்து வரும், ஆளின் முகத்தை இவன் பார்த்ததே இல்லை. பிடிபட்டால் லோயர் பிடிப்பதும் அவர்கள்தான். அன்றிலிருந்து கடன்காரன். அத்தான் செத்தபோது பந்தலும் கதிரையும் அவர்கள் செலவு. சொந்தக்காரர்கள் நாங்கள் மலர்வளையம் கொண்டுபோனோம். இவன் அங்கே போனதற்குக் காரணம் கேட்டால் எனக்கு இது போதும்.

மார்ச் 11, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். செவ்வாய் என்றால் கேட்கவேண்டுமா, சைவக்காரர், பௌத்தர் என்று எல்லோரும் வரிசையில். இவன் முழந்தாள்கூட இடவில்லை. ஆனால் நொவேனா ஜெபம் முடிந்ததும், மெழுகுதிரித் தட்டில் உறைந்துகிடந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த கிழவரிடம் தகட்டை வாங்கி, தானே சுரண்டத் தொடங்கினான். மூலை மூலையாக, நகத்தில் கறுப்பு ஏற ஏற. இடையில் இரண்டு தரம் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், பொக்கெற்றில் போட்டான். ஆறு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் அந்தக் கோல்கள் வரும். அந்த நேரத்தில் கையில் வேலை இருக்கவேண்டும். ஜெபமும் அதே நேரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

மார்ச் 23, ஞாயிறு

கோயில் இளைஞர் குழுவுக்கு இவனை மேடையேற்றி 'சாட்சி' சொல்லவைக்க ஆசை. போஸ்டர்கூட யோசித்துவிட்டார்கள். முடியாது என்றேன். கைதட்டு வாங்கிய கதையை மறுநாள் சந்தியில் வேறு யாராவது இவன் முகத்துக்கே சொல்வான். அதோடு, கேட்கிறவர்களுக்கு வேண்டியது துவக்குக் கதைதான், மனம் திரும்பியது அல்ல. ஃபாதரும் என் பக்கம்.

ஏப்ரல் 2, புதன்

முதல் தரம் தனியாகச் செப்புக் குழாய் ஒட்டினான். கசிவு பார்க்கச் சவர்க்காரத் தண்ணி பூசினேன், ஒரு குமிழிகூட வரவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நேற்று, பெரிய வியாழன், பாப்பரசர் பிரான்சிஸ் உரோமில் ரெஜினா சேலி சிறைக்குப் போனாராம். உடம்பு முடியாததால் இந்த முறை கைதிகளின் கால் கழுவ முடியவில்லையாம். 2013ல், பாப்பரசரான முதல் பெரிய வியாழனே இளைஞர் சிறைக்குப் போய்க் கழுவியவர். இவனிடம் சொன்னேன். "நாறாதா மாமா?" என்றான்.

சிலுவைப்பாதை முடிந்து வரும்போது இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனைப் பற்றிப் பேச்சு வந்தது. இன்றைக்கே என்னோடு பரலோகத்தில் இருப்பாய் என்று இயேசு ஒரு குற்றவாளிக்குத்தானே சொன்னார் என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அவன் அன்றைக்கே செத்துட்டான் மாமா. எனக்கு நாளைக்கும் எழும்பணுமே." எந்தப் பிரசங்கத்திலும் நான் இதைக் கேட்டதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் த்ரீவீலில் கடைக்கு முன்னால். சத்தம் போடவில்லை, சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அதுதான் பயம். லோயர் காசு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே ஃபாதர் வந்து உட்கார்ந்தார். இனிக் கடை பூட்டும்வரை ஒருவர் மாறி ஒருவர் இருப்பது, வீடுவரை கூடப் போவது என்று முடிவு. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபைக் கிழவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் அறுபது தாண்டியவர்கள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள். வந்து கரம் போர்ட் விளையாடுகிறார்கள், கள்ளாட்டம் வேறு.

மே 10, சனி

வத்தளையில் வேலைக்குப் போன ஒரு வீட்டில் இவன் கழுத்தில் குத்தியிருந்த தேள் பச்சையைப் பார்த்துக் கேட்டைத் திறக்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் கிரெக் பொய்ல் என்ற இயேசு சபைக் குரு 1988ல் தொடங்கிய நிறுவனத்தைப் பற்றி ஃபாதர் சொன்னார். கோஷ்டிகளை விட்டு வருகிறவர்களுக்கு வேலை கொடுத்து, பச்சையையும் லேசரில் இலவசமாக எடுத்துவிடுகிறார்களாம். இங்கே ஒரு கிளினிக்கில் விசாரித்தேன், விலையைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். இப்போதைக்கு உயர்ந்த கொலர் வைத்த சட்டை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். காலைப் பூசைக்கு வந்தான், நன்மை, அதாவது நற்கருணை, எடுத்தான். பின்னேரச் சுற்றுப்பிரகாரத்துக்கு வரவில்லை, அந்தக் கூட்டத்தில் யார் யார் நிற்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அக்காவுக்கு மனத்தாங்கல். நான் வற்புறுத்தவில்லை. கடையில் இருந்து ஒரு கொம்பிரசர் மாற்றினான். நைட்டாவில், அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபையில், தொழில் பழகுநராகப் பதிய கிராம சேவகர் சான்றிதழ் எடுத்தாயிற்று. லோயர் காசுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறான். கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கும் ஃபாதருக்கும் இன்னும் வாக்குவாதம்.