காணிக்கை என்று போட்டுவிடுங்கள்

2024 நவம்பர் 11, திங்கள்

தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வந்து பனியன் கம்பெனிகள் முழுவேகத்தில் ஓடத் தொடங்கும்வரை, திருப்பூரில் லேபிள் அச்சடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை குறைவுதான். அந்த இடைவெளியைக் கல்யாணப் பத்திரிகைகளும், புத்தாண்டு ஆராதனையில் சபைகள் கொடுக்கும், வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளும் காலண்டர்களும் நிரப்புகின்றன. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன், அங்கே ஆறு ஆண்டுகளாகப் பொருளாளராகவும் இருக்கிறேன் என்பதால், இந்த வேலைகள் மற்ற அச்சகங்களைவிட எனக்குச் சற்று அதிகமாகவே வருகின்றன. விசுவாசத்தை வைத்துச் சம்பாதிப்பவர்களைப் பற்றி இங்கே எழுதப்போகும் நான், அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்பவன் அல்லன்.

இன்று பிற்பகல், ஜெபக் கூட்டங்கள் நடத்தும் ஓர் ஊழியக்காரரிடமிருந்து வந்த இளைஞர், ஐம்பது மில்லி பாட்டிலில் ஒட்டுவதற்கு ஐயாயிரம் ஸ்டிக்கர் வேண்டும் என்றார். கையால் எழுதிக் கொண்டுவந்த தாளில் ‘ஜெபிக்கப்பட்ட அபிஷேக எண்ணை’ என்றும், அதன் கீழே சர்க்கரை, புற்றுநோய், பிள்ளையில்லாமை என்று சில பெயர்களும், கடைசியில் ‘விலை ரூ. 150’ என்றும் இருந்தன. எண்ணெயைக் காங்கேயத்தில் பதினைந்து கிலோ டின்னாக வாங்கி ஊற்றிக்கொள்வார்களாம். முன்பணமாக மூவாயிரம் கொடுத்தார். நானும் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

நோய்களின் பெயரைப் போட முடியாது என்று மட்டும் சொன்னேன். 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தில் புற்றுநோயும் நீரிழிவும் பெண்களின் மலட்டுத்தன்மையும் பட்டியலிலேயே இருக்கின்றன. அந்தச் சட்டம் லேபிளையும் விளம்பரமாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மேலும், விலை போட்டு விற்கிற பொட்டலம் என்றால் தயாரிப்பாளரின் முகவரி, நிகர அளவு, மாதம், வருடம் எல்லாம் அச்சிட வேண்டும் என்பது எடையளவுச் சட்டத்தின் விதி. அவர் சிறிதும் தடுமாறவில்லை. “அப்படீங்களா? அப்ப வியாதிப் பேரை எடுத்துருங்கண்ணா. விலைன்னு வேண்டாம், காணிக்கைன்னு போட்டுருங்க” என்றார்.

அவர் போன பிறகு, டிசைன் போட உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் ‘எண்ணை’யை ‘எண்ணெய்’ என்று திருத்தினேன். தைல லேபிள்களுக்குப் போடுவதுபோல அடியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரியும் சேர்த்து, புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

இரண்டு நாளாக ‘காணிக்கை’ என்ற அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பதினைந்து கிலோ டின்னில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஐம்பது மில்லி பாட்டில்கள் நிரம்பும். பாட்டிலுக்கு நூற்றைம்பது என்றால் ஏறத்தாழ நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். டின் விலையோ நாலாயிரத்தைத் தாண்டவில்லை. இந்த வித்தியாசத்தை ஒரு வியாபாரி அடித்தால் கொள்ளை லாபம் என்போம். ‘காணிக்கை’ என்று போட்டுவிட்டால் கேட்க ஆள் இல்லை. காணிக்கை என்பது கொடுப்பவன் மனதில் தீர்மானிக்கிற தொகை. அதன் பக்கத்தில் வாங்குகிறவன் எண்ணைப் போட்டுவிட்டால் அது எப்படிக் காணிக்கையாகும்?

எண்ணெய் பூசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வியாதிக்காரன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணட்டும் என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதியிருக்கிறார். அங்கே மூப்பர்கள்தான் வீட்டுக்கு வருகிறார்கள். இங்கே பாட்டில் மட்டும் வருகிறது. ஊழியக்காரன் ஊழியத்தினால் பிழைப்பதும் தவறன்று. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலே, அந்த உரிமையைத் தான் பயன்படுத்தாமல், கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டார். எங்கள் அப்பாரு கோபிப் பக்கத்துக் கிராமங்களில் லண்டன் மிஷன் உபதேசியாராக இருந்தவர். அவருக்குச் சம்பளம் இருந்தது. சபையார் பிடியரிசியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்கியதற்காக அவரை யாரும் குறை சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

கோடு வேறெங்கோ இருக்கிறது. மாயவித்தைக்காரன் சீமோன், கைகளை வைத்தால் பரிசுத்த ஆவி இறங்கும் அதிகாரத்தை விலைக்குக் கேட்டான். “உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது” என்று பேதுரு சபித்தார். ஆனால் அந்தக் கதையைவிட 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்துக் கேயாசிதான் என் தொழிலுக்கு நெருக்கமானவன். சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் நீங்கிய பிறகு தீர்க்கதரிசி எலிசா ஒரு வெகுமதியும் வாங்காமல் அனுப்பிவிட்டார். வேலைக்காரன் கேயாசி ரதத்தின் பின்னே ஓடிப்போய், எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டும் என்று கேட்டான். தனக்கென்று அவன் ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊழியத் தேவை என்றுதான் கேட்டான். நாகமானோ இரண்டு தாலந்தாகவே கட்டிக் கொடுத்தனுப்பினான். சுகம் இலவசமாக வந்தது, அதன் பேரில் பில் மட்டும் பிறகு வந்தது.

முதல் சபைகளுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. ‘டிடாக்கே’ என்ற பழங்காலப் போதனைநூல், ஊர் ஊராக வரும் ஊழியக்காரரை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் அவர் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது ரொட்டியைத் தவிரப் பணம் கேட்டாலோ கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. தொழில் செய்யாமல் சபையின் தலையில் உட்கார்ந்து தின்ன நினைப்பவனுக்கு, கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்பவன் என்று பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லை அது வைத்திருக்கிறது. தமிழில் அப்படி ஒரு சொல் இன்னும் இல்லை, தேவை இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

எங்களுக்கு அச்சுத் தட்டு எடுத்துக் கொடுக்கும் நண்பர் கத்தோலிக்கர். கருமத்தம்பட்டிப் பங்கைச் சேர்ந்தவர். அவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று அவர்களுடைய 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு சொல்வதாகவும், குருவானவர் ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரே ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸ் நாள் மட்டுமே விலக்கு என்றும் சொன்னார். ஒரு காலத்தில் அடிபட்ட பிறகு எழுதிய சட்டம் என்று சிரித்தார். 1517-இல் டெட்செல் என்பவர் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொண்டு வந்ததும், லூத்தர் தொண்ணூற்றைந்து வாதங்களை எழுதியதும் நாங்கள் ஞாயிறுபள்ளியில் படித்ததுதான்.

அச்சுக்காரனாக எனக்கு அதில் இன்னொரு உறுத்தல் உண்டு. வேதாகமத்தை அச்சடித்த கூட்டன்பர்க்கை எங்கள் தொழிலின் பிதா என்கிறோம். ஆனால் தேதியோடு கிடைத்திருக்கும் அவர் காலத்து முதல் அச்சுவேலைகள் 1454, 1455-ஆம் ஆண்டுகளின் பாவமன்னிப்புச் சீட்டுகள். வாங்குபவரின் பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்ள இடம் விட்டு அச்சடிக்கப்பட்டவை. இன்றைக்கு நாங்கள் பில் புத்தகத்தில் ‘திரு/திருமதி’ என்று போட்டுக் கோடு இழுப்பதைப் போலத்தான்.

மாலையில் லேபிள் வெட்டும் பிரிவில் வேலை செய்யும் அம்மிணி ஒருவர், அந்தப் புரூஃப் மேசையில் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அவர் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. “இந்த எண்ணெயை நானும் ரெண்டு தடவை வாங்கியிருக்கேனுங்க, போன வருசத்துல” என்றார். நூற்றைம்பது ரூபாயா என்றேன். ஆமாம் என்றார். எனக்குக் கோபம், அவர் முகத்திலோ கோபமே இல்லை.

“எண்ணெயில ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியுமுங்கண்ணா. ஆனா அந்தக் கூட்டத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லி, தலைமேல கை வெச்சு ஜெபிச்சாங்க. நம்ம கோயில்ல பதினாறு வருசமா உட்கார்ந்திருக்கேன், ஒருத்தரும் எம் பேரைச் சொன்னதில்லைங்க.”

நானும் அதே கோயில்தான். ஆலயத்தில் வாசிக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலை மாதாமாதம் தயாரித்துக் கொடுப்பவன் நான். நூறு ரூபாய்க்குக் கீழே கொடுத்தவர்களை ‘மற்றவர்கள்’ என்று ஒரே வரியில் போடுவதும் நான்தான்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று அறுப்பின் பண்டிகை. ஆலயத்தின் முன்னால் வாழைத்தாரும் தேங்காய்க் குலையும் மக்காச்சோளமும் காலைக் கட்டிப் போட்ட நாட்டுக்கோழிகளும் வந்து நிறைந்துவிட்டன. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் விடுகிறவர் நல்ல வாயாடி. “அரசாணிக்காய், பதினோரு கிலோ, அவினாசிப் பக்கத்துத் தோட்டத்துக் காய்” என்று அந்தப் பரங்கிக்காயைத் தூக்கிக் காட்டியதும் இரண்டு நிட்டிங் முதலாளிகள் போட்டி போட்டார்கள். உழவர் சந்தையில் முந்நூறு ரூபாய்கூடத் தேறாத காய் ஒரு தரம், இரண்டு தரம் என்று ஏறி ஆறாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. வாங்கியவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிட, இரண்டாம் முறை நாலாயிரத்துக்குப் போனது. கைத்தட்டல். ரசீது நான் எழுதினேன்.

எழுதும்போதே கணக்கு மனதில் ஓடியது. முந்நூறு ரூபாய்க் காயை ஆறாயிரத்து ஐந்நூறுக்கு விற்றால் பண்டிகை. பத்து ரூபாய் எண்ணெயை நூற்றைம்பதுக்கு விற்றால் ஏமாற்று என்று நான் எப்படிச் சொல்வது? நெடுநேரம் யோசித்துப் பார்த்ததில், ஒரு வேறுபாடு நிச்சயமாக இருக்கிறது. அரசாணிக்காய் சர்க்கரையைக் குணமாக்கும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வாங்கியவர் தாம் கொடுப்பது நன்கொடை என்று அறிந்தே கொடுக்கிறார். இயலாதவன் கை தூக்காமல் நின்றால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எண்ணெயில் விற்கப்படுவது, விற்கிறவனுக்குச் சொந்தமில்லாத ஒன்று. இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்ற கட்டளை அதற்குத்தான் பொருந்தும். வேதாகமச் சங்கம் மானிய விலையில் விற்பதுகூடக் காகிதத்தையும் பைண்டிங்கையும்தான்; வசனத்துக்கு விலை வைத்ததில்லை.

இவ்வளவையும் சரியாக யோசித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மிணி ஒரு தூக்குச்சட்டியில் ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஏலம்விட்டவர் “ஆறு முட்டை, ஆறு முட்டை” என்று அவசரமாகச் சொல்லி இருநூறு ரூபாயில் முடித்துவிட்டார். வாங்கியவரின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. கொண்டுவந்தவரின் பெயரை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நான் எழுந்து சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வந்த இளைஞர் சண்டை போடவில்லை. “உங்களுக்கு விசுவாசம் இல்லைன்னா விட்டுருங்கண்ணா” என்று மட்டும் சொன்னார். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலை. விட்டதில் பெருமை ஒன்றும் தோன்றவில்லை. இதே மாதம் ‘இந்த ஆண்டு உன் கடன்களெல்லாம் தீரும்’ என்ற தலைப்போடு இரண்டாயிரம் வாக்குத்தத்த அட்டைகள் அடித்துக் கொடுத்திருக்கிறேன். வசனத்தில் அப்படி இல்லை என்று தெரிந்தும் அடித்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

சபைக் கமிட்டி கூடியது. ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலைத் தொகை இல்லாமல் பெயர்களை மட்டும் வாசிக்கலாம், கொடுக்காதவர்களில் வியாதியாக இருப்பவர்களின் பெயரையும் அதே பட்டியலில் சேர்த்து ஜெபிக்கலாம் என்று சொன்னேன். ஆயருக்குச் சம்மதம். ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர், தொகையை வாசிக்காவிட்டால் வசூல் பாதியாகும், ஆலயத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்கு யார் கொடுப்பது என்று கேட்டார். அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது. என் கையில்தான் கணக்குப் புத்தகம் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்ததையெல்லாம் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி நான் எடுத்ததும், “அதையும் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துத்தானுங்க ஆண்டவர் சொன்னார்” என்றார். சிரித்துவிட்டோம். அதற்கு முந்தின வசனத்திலேயே விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி எச்சரிக்கை இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வியாதியஸ்தர் பட்டியல் மட்டும் அடுத்த ஞாயிறு முதல் வாசிக்கப்படும்.

டிசம்பர் 9, திங்கள்

கடந்த இரண்டு ஞாயிறும் அந்த அம்மிணியின் கணவர் பெயரை ஆயர் வாசித்தார். முதல் வாரம் அம்மிணி தலை நிமிர்த்திப் பார்த்ததைக் கண்டேன். இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில், என்னிடம் கொஞ்சம் தயங்கிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து வாங்கி வந்து சும்மா கொடுத்தாராம். “நீங்க அடிச்சதுங்களா?” என்று கேட்டார்.

நான் அடித்ததில்லை, வேறு ஏதோ அச்சகம். ஆனால் டிசைன் என்னுடையதுதான். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய புரூஃபை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். ‘எண்ணெய்’ என்று நான் திருத்திய எழுத்து சரியாக இருந்தது. ‘காணிக்கை ரூ. 150’ நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அடியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் தேர்ந்தெடுத்த அதே சிறிய எழுத்தில், ‘தினமும் காலையில் ஒரு சொட்டு நாவில் வைக்கவும்’ என்று போட்டிருந்தார்கள்.