எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த நோயன்று

அம்மாவுக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது தெரியவந்தபோது, பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா இப்படித்தான்" என்று சொல்லி, ஆளுக்கொரு கஷாயத்தைப் பரிந்துரைத்தார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறியிருந்ததோடு, ஆன்டி டி.பி.ஓ. என்ற வரியிலும் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்க உதவும் நொதிக்கு எதிராக அம்மாவின் உடலே எதிர்ப்புரதங்களை உண்டாக்கியிருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். இதற்கு ஹாஷிமோட்டோ நோய் என்று பெயர். எதிர்ப்புச் சக்தி முழு வீச்சில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அது தாக்கிய இடம்தான் தவறு.

ஜப்பானிய மருத்துவரான ஹகாரு ஹாஷிமோட்டோ, 4 பெண்களின் தைராய்டுத் திசுவில் வெள்ளையணுக்கள் மண்டிக்கிடப்பதைக் கண்டு 1912இல் எழுதினார். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாது என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியிருந்ததால், அதற்கான காரணம் விளங்க 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல்களுக்கு முயல் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றையே ஊசியாகச் செலுத்தி, அவற்றின் சுரப்பி அழற்சியுற்றுச் சிதைவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் லண்டனில் இவான் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்திலேயே அந்த எதிர்ப்புரதங்களைக் கண்டறிந்தனர்.

எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடலுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள், மரபணுத் துண்டுகளைத் தாறுமாறாகக் கலைத்துச் சேர்த்து, அந்நியப் பொருளைப் பற்றி அடையாளம் காணும் தம் ஏற்பிகளை எண்ணற்ற வடிவங்களில் அமைத்துக்கொள்கின்றன. அவற்றுள் சில நம் சொந்தப் புரதங்களுக்கே பொருந்திவிடுவது தவிர்க்க முடியாதது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி இவற்றை வடிகட்டுகிறது. கணையத்துக்கு உரிய இன்சுலின், தைராய்டுக்கு உரிய தைரோகுளோபுலின் போன்றவற்றின் மாதிரிகளை, ஏர் என்னும் மரபணுவின் துணையால் தைமஸ் தானே சிறிதளவு உண்டாக்கிக் காட்டுகிறது. அவற்றை இறுகப் பற்றும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிகின்றன. எனக்கு இதில் தீராத வியப்பு. ஆயினும் வடிகட்டலுக்குத் தப்பிய செல்கள் நோயில்லாதவர்களின் உடலிலும் உலவத்தான் செய்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டினார். 2025இன் மருத்துவ நோபல் பரிசை அவரோடு மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தக் கட்டுப்பாடு ஏன் தளர்கிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணு வாகு உண்டு. ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமலும் போகிறது. பெண்களையே இது அதிகம் பீடிக்கிறது. அளவுக்கு மீறிய அயோடினும் தூண்டுதலாகலாம். கிரேவ்ஸ் நோயில் இதே சுரப்பியை எதிர்ப்புரதம் அழிக்காமல் ஓயாது தூண்டிவிடுவதால், ஹார்மோன் குறைவதற்குப் பதில் மிகுந்துபோகிறது.

எதிர்ப்பாற்றல் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்களில் மெத்தோட்ரெக்சேட் கொடுத்து எதிர்ப்பாற்றலையே தணிக்க வேண்டியிருக்கும்போது, அம்மாவுக்கு அது ஏன் தேவைப்படவில்லை என்று மருத்துவரிடம் கேட்டேன். குறைந்த ஹார்மோனை மாத்திரையாகவே ஈடுசெய்துவிட முடியும். எதிர்ப்பாற்றலைத் தணித்தாலோ தொற்றுகளுக்கு இடம்கொடுக்க நேரும் என்றார். ஆகவே வெறும் வயிற்றில் தைராக்சின், அதன்பின் அரைமணி நேரமாவது கழித்துக் காபி, சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. கஷாயங்களை மருத்துவரிடம் கேட்காமல் தருவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். உறவினர்களுக்கு அதில் சற்று வருத்தம்தான்.