மகாபலிபுரமா, பழவேற்காடா: ஆபீஸ் டூர் நாட்குறிப்பு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து வந்து இன்னும் டீ கூடக் குடிக்கவில்லை, எம்டி சார் கூப்பிட்டு "இந்த வருஷம் டீம் அவுட்டிங் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். ஈசிஆரில் மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட், சனிக்கிழமை ராத்திரி தங்கல், ஞாயிறு காலை கயிறு இழுக்கும் போட்டி, கம்பெனி பேர் போட்ட டீ-ஷர்ட், இதெல்லாம் அவர் ஆசை. தலைக்கு 2,000 ரூபாய், மொத்தம் 22 பேர். ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ் நாங்கள்.

ஜனவரி 21, புதன்

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் எல்லோரும் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொருத்தர் சீட்டுக்கும் போய்த் தனித்தனியாகக் கேட்டேன். பில்லிங் அக்கா மேல்மருவத்தூருக்குச் சக்தி மாலை போட்டிருக்கிறார், தைப்பூசம் வரைக்கும் டூர் பேச்சே இல்லை. கைக்குழந்தை இருக்கிறவர்கள் ராத்திரி தங்கல் என்றதும் "பாக்கலாம்" என்றார்கள், அதாவது வர மாட்டார்கள். டாக்குமென்டேஷன் தம்பிதான் உடைத்துச் சொன்னான்: "ஞாயித்துக்கிழமையையும் எடுத்துக்கிட்டா அது டூர் இல்லண்ணே, சம்பளம் இல்லாத ஓ.டி." சரியான பேச்சு. வேலை நாளான சனிக்கிழமையிலேயே போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். எம்டி சாரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்கள் மகாபலிபுரம் போக வேண்டுமானால் முதலில் மொத்தச் சென்னையையும் தாண்ட வேண்டும், பாதி நாள் சிக்னலிலேயே போய்விடும். பழவேற்காடு நம்ம பக்கம். எண்ணூர் ரோடு வேண்டாம், வாரம் முழுக்கப் பார்க்கும் கன்டெய்னர் லாரிகளை அன்றைக்குமா பார்ப்பது? ரெட்ஹில்ஸ், தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி வழியாகப் போய்விடலாம். இந்த மாதங்களில் ஏரியில் பூநாரை இருக்கும், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளும் இருக்கின்றன. படகு மட்டும் கிடையாது என்று இப்போதே சொல்லிவிட்டேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கரையில் யாராவது "சும்மா ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டாலும் ஏறக்கூடாது.

ஜனவரி 28, புதன்

வண்டி பேசுவது தனி வித்தை. போனில் ஒரு ரேட் சொல்வார்கள். நல்லூர் டோல்கேட், டிரைவர் பேட்டா, ஏசி என்று கேட்கக் கேட்க அது ஏறிக்கொண்டே போகும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்றதும் இரண்டு பேர் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து வந்த முதல் கேள்வி சாப்பாடு இல்லை, பாத்ரூம். அதற்காகவே சாயங்காலம் பைக்கில் பொன்னேரி வரை போய் ஒரு சின்ன மண்டபம் பார்த்தேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. பக்கெட்டுக்குக் கைப்பிடி இல்லை, புதுசு வைக்கச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மதியம் இறால் தொக்கு, நண்டு மசாலா. சைவத்துக்குத் தனி அடுப்பு.

ஜனவரி 30, வெள்ளி

இன்றைக்குத்தான் நிஜமான சிக்கல். ஆபீஸை ஒரேயடியாகப் பூட்ட முடியாது, கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம், தாண்டினால் கப்பல் நமக்காக நிற்காது, கஸ்டமரிடம் பதில் சொல்லி மாளாது. அதனால் இரண்டு பேட்ச்: பிப்ரவரி 7-ல் பதினொரு பேர், 14-ல் பதினொரு பேர். மினி பஸ் தேவையில்லை, ஒரு டெம்போ டிராவலரே போதும். டாக்குமென்டேஷன் தம்பிக்கு இப்போதுதான் நிச்சயமாகியிருக்கிறது, 14-ஆம் தேதி என்றதும் ஓடி வந்து முதல் பேட்சுக்கு மாற்றிக்கொண்டான். மற்றவர்கள் தங்கள் பேட்சைப் பற்றிக் கேட்கவே இல்லை, "சார் எதுல வர்றார்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அதற்கு எதிர் லிஸ்ட்டில் பேர் கொடுக்கிறார்கள்.