ஒரு மணி குறைந்த செபமாலை

போன வாரம் குப்பை போடக் கீழே இறங்கினேன். தொட்டியை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே மாதா சுரூபம், சிலுவையில் பாடுபட்ட சுரூபம், கழுத்தில் அணியும் நூல் நைந்த உத்தரியம். மேல்மாடிப் பாட்டி இறந்துபோய், வீட்டைக் காலி செய்கிறார்களாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெட்டியை அப்படியே தூக்கி வந்துவிட்டேன்.

குரு மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்று கேட்டு வளர்ந்த கத்தோலிக்கர்கள் நாம். தனியார் கையில் இருந்தாலும் அவற்றை மரியாதையோடு வைத்திருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் (எண் 1171) சொல்கிறது. உடைந்தால் எரிக்கலாம் அல்லது புதைக்கலாம். இந்த அடுக்குமாடியில் புதைக்க ஒரு பிடி மண் கிடையாது. எரித்தால் அபாயமணி அலறும். குருத்து ஞாயிறில் வாங்கிய பழைய குருத்தோலைக்கு மட்டும் வழி கிடைத்தது. நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனுக்கு முன்பு கோயிலில் கூடை வைத்து வாங்கிக்கொண்டார்கள். சரி, இந்த ஊர் பழகிவிட்டது என்று அன்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறக்கும்வரைதான்.

செபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகளைத் தேவ இரகசியங்கள் என்போம். அப்பாவின் செபப்புத்தகத்தில் அவை மூன்று வகைதான். 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்ததும், அப்பா அவற்றைத் தாளில் எழுதி ஒட்டினார் என்பதைவிட, பொடி எழுத்தில் திணித்தார் என்பதே சரி. வியாழக்கிழமைதோறும் அதைப் படிக்கக் கண்ணாடி தேடுவார். கண்ணாடி கிடைப்பதற்குள் அம்மா செபமாலையின் முதல் பத்து மணிகளை முடித்திருப்பார்.

அம்மாவின் செபமாலையைத்தான் என்னால் பெட்டியில் வைக்க முடியவில்லை. 53 மணி செபமாலை. அதில் இருப்பது 52. நான்காவது பத்தில் ஒரு மணி உதிர்ந்து, வெறும் கம்பி. அந்த இடம் வந்தால் அம்மா கம்பியை இரண்டு விரலால் பிடித்து, மணிக்கு ஒன்றாகச் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை முழுசாக ஒருமுறை சொல்வார். மற்ற இடமெல்லாம் கறுத்துவிட்டது. அங்கே மட்டும் கம்பி இன்னும் பளபளக்கிறது.

"புதுசு வாங்கலாமேம்மா" என்கிறான் மகன். புதிதாக இரண்டு இருக்கின்றன. கை அதற்குப் போவதில்லை.

நேற்று இரவு அதைச் சின்னவள் கையில் கொடுத்தேன். நான்காவது பத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க மணியே இல்லையே?"

"கம்பியைப் பிடிச்சுக்கோ. ஒண்ணு சொல்லு."