கைடைத் தேடும் முன் அவருடைய பழைய மாணவர்களைத் தேடுங்கள்

பிஎச்.டி.க்கு லேப் தேடுபவர்களில் பலர் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பேராசிரியரின் எச்-இண்டெக்ஸையும் (அவருடைய கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் எண்) பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அவர் நல்ல ஆய்வாளரா என்பதற்கு அதில் ஓரளவு விடை இருக்கலாம். நல்ல நெறியாளரா என்பது அவரிடம் படித்தவர்களைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கான தடயங்களில் பெரும்பகுதி எல்லோருக்கும் கிடைக்கும் இடங்களிலேயே இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய பக்கத்தை ஆண்டு வரிசையில் அடுக்கி, கடைசி 5 ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பாருங்கள். உயிரியல், வேதியியல் துறைகளில் பெரும்பாலும் வேலையை முன்நின்று செய்தவர் பெயர் முதலிலும், லேப் தலைவரின் பெயர் கடைசியிலும் வரும். அந்த முதல் பெயர்களைக் குறித்துக்கொண்டு லேப் இணையதளத்தின் உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எல்லாமே போஸ்ட்டாக்குகளின் (பிஎச்.டி. முடித்துவிட்டு லேப்பில் ஆய்வு செய்பவர்கள்) பெயர் என்றால், மாணவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிராஜெக்ட் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெளிவது அவசியம். கணிதத்தில் பெயர்கள் பொதுவாக அகரவரிசையில்தான் இருக்கும் என்பதால் இந்த வழி அங்கே உதவாது; மாணவர்களின் தீசிஸையே (பட்டத்துக்காக எழுதும் ஆய்வேடு) படிக்க வேண்டும்.

தீசிஸை எந்தத் துறையினரும் படிக்கலாம். நன்றியுரையைத் தவறவிடாதீர்கள். கருவியை இயக்கவும் எழுதவும் உண்மையில் கற்றுத்தந்தது யார் என்பது பல நேரம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, லேப்பின் உறுப்பினர் பக்கம் சில ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று, இணையப் பக்கங்களின் பழைய பதிவுகளைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பாருங்கள். அன்று மாணவராக இருந்து, இன்று முன்னாள் மாணவர் பட்டியலில்கூட இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஒருவர் விலகியிருந்தால் சொந்தக் காரணமாக இருக்கலாம். அடுத்தடுத்து மூன்று நான்கு பேர் என்றால் விசாரிக்காமல் சேரக் கூடாது. புதிதாகத் தொடங்கிய லேப்புக்கு இந்தத் தடயம் இருக்காது. ஆனால் அங்கே பேராசிரியரே பக்கத்தில் நின்று சொல்லித்தர வாய்ப்பு அதிகம். இருபது பேர் உள்ள லேப்பில் அதை எதிர்பார்க்க முடியாது; உங்களுக்கு அன்றாடம் வழிகாட்டப்போகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள்.

லேப்பில் இடம் கேட்டுப் பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சல் 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் பற்றி, அதைப் படித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கட்டும். பெயரை மட்டும் மாற்றிப் பலருக்கும் அனுப்பிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள்.

மாணவர்களிடம் பேசுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பட்டத்தை முடிக்கும் நிலையில் இருப்பவர் ஒருவர், வெளியேறிவிட்டவர் ஒருவர், இரண்டு பேரிடமும் போனில் பேசுங்கள். எழுத்தில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். "சார் எப்படி?" என்றால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக உங்களோடு உட்கார்ந்து டேட்டாவைப் பார்த்தது எப்போது? அனுப்பிய டிராஃப்ட் திருத்தி வர எத்தனை நாள் ஆனது? சோதனை ஆறு மாதம் சரிவராதபோது என்ன செய்தார்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்ற வரிசையை எப்போது முடிவு செய்கிறார்கள்? மாணவர்களோடு தனியாகப் பேச விடாத லேப், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வேண்டாம்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உதவித்தொகை உங்கள் பெயரில் வருகிறதா, பேராசிரியரின் பிராஜெக்டிலிருந்து வருகிறதா? பிராஜெக்ட் 3 ஆண்டுகளில் முடிந்து, பட்டத்துக்கு 5 ஆண்டுகள் ஆகுமென்றால் மீதி 2 ஆண்டுகளுக்கு வழி என்ன? அவர் ஓய்வுபெறும் ஆண்டையும், வேறு நிறுவனத்துக்கு மாறும் எண்ணம் உண்டா என்பதையும் இதோடு சேர்த்தே கேட்டுவிடலாம். தொகை, காலம், விடுப்பு மூன்றும் எழுத்தில் வந்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.