கழித்தல் திசையை முதலில் எழுதுங்கள்

இணை மாதிரி டி-சோதனை (ஒரே ஆட்களை இரண்டு நிலைகளில் அளந்து ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) என்றதும் இரண்டு சராசரிகளை எழுதி நடுவில் சமக்குறி போட்டுவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் சோதனை பார்ப்பது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைக்கும் ஒற்றைப் பத்தியை, அதாவது அட்டவணையின் ஒரு நெடுவரிசையைத்தான். கருதுகோளையும் (சோதித்துப் பார்க்கும் கூற்று) அந்தப் பத்தியை வைத்தே எழுதினால் குழப்பம் பாதி தீரும்.

1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வில்லியம் கோசெட் எழுதிய கட்டுரையில் உள்ள தூக்க மருந்துத் தரவை எடுத்துக்கொள்வோம். (மருந்துகளின் பெயரை அவர் தவறாகக் குறித்துவிட்டார், கணக்குக்கு அதனால் பாதிப்பில்லை.) 10 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்தும். முதல் நோயாளிக்குக் கூடுதல் தூக்கம் முதல் மருந்தில் 0.7 மணி, இரண்டாவதில் 1.9 மணி.

எதையும் கணக்கிடும் முன் ஒரு வரி எழுதுங்கள்: ‘வித்தியாசம் = இரண்டாம் மருந்து கழித்தல் முதல் மருந்து.’ முதல் ஆளுக்கு 1.2. மற்றவர்களுக்கு 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4.

இன்மைக் கருதுகோள் (வேறுபாடே இல்லை என்ற கூற்று): முழுமைத்தொகுதியில், அதாவது இந்த 10 பேர் யாருக்கு மாதிரியோ அந்த மொத்தக் கூட்டத்தில், வித்தியாசத்தின் சராசரி 0. மாற்றுக் கருதுகோள்: அது 0 அல்ல. ‘மாதிரியின் சராசரி 0’ என்று எழுதினால் அர்த்தமே இல்லை, அது 1.58 என்று கையிலேயே இருக்கிறதே! திட்ட விலக்கம் (வித்தியாசங்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பது) 1.23, டி (அந்தச் சிதறலோடு ஒப்பிட்டால் சராசரி 0-விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) 4.06, இருமுனை பி மதிப்பு 0.0028. பி என்பது இன்மைக் கருதுகோள் உண்மையானால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும் வாய்ப்பு; இருமுனை என்றால் கூடுதல், குறைவு இரண்டு திசையையும் பார்ப்பது.

இரண்டாம் மருந்துதான் மேல் என்று தரவைப் பார்க்கும் முன்பே கேள்வி இருந்தால் மட்டும் ஒருமுனை: ‘சராசரி 0-ஐ விட அதிகம்’. அப்போது பி 0.0014. இங்கேதான் பலர் வழுக்குவது. மென்பொருளில் பத்திகளை மாற்றிக் கொடுத்துவிட்டு ‘அதிகம்’ என்பதையே தேர்ந்தெடுத்தால் பி 0.9986 என்று வரும். மருந்தில் குறையில்லை, கழித்தல் தலைகீழ். தரவைப் பார்த்தபின் திசையை முடிவு செய்வது அதைவிட மோசம். பி மதிப்பைப் பாதியாக்கும் குறுக்குவழி அது.

0-தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுகிறதா என்பது கேள்வியானால் 0-க்குப் பதில் 1, டி 1.49 ஆக இறங்கிவிடும்.

இணையை மறந்து இரண்டு தனி மாதிரிகளாக ஓட்டினால் இருமுனை பி 0.079. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு முழுவதும் இரைச்சலாகச் சேர்ந்துவிடுவதால் அப்படி. ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினாலும் இணை கலைந்துவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது.

இந்தச் சோதனைக்குத் தேவையான இயல்நிலைப் பரவலை (மணி வடிவப் பரவல்) சோதிப்பதும் வித்தியாசங்களில்தான். அந்த 4.6 கண்ணை உறுத்தும். அதை நீக்கினால் டி குறையும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் 5.66 ஆகக் கூடுகிறது, திட்ட விலக்கம் 0.66-க்குச் சுருங்குவதால்.